கறை படியாத மண்

எங்கள் ஊர் மானாமதுரை. வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரை இரண்டு காரணத்துக்காகக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒன்று, கச்சேரிகளில் வாசிக்கிற கடம். இன்னொன்று, 1952-இல் ரயிலில் வந்த தலையில்லாத ஓர் உடல். கடத்தைப் பற்றி ஊருக்குள் யாரும் உட்கார்ந்து பேசி நான் கேட்டதில்லை. உடலைப் பற்றி ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும்.

தாத்தாவுக்கு அப்போது பதினெட்டு வயது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தபோது தானும் அங்கே நின்றதாகச் சொல்வார். “பச்சை டிரங்குப் பெட்டி. போலீசுக்காரரு பூட்ட ஒடைக்கிறாரு. நான் இந்தா, இந்தத் தூணு இருக்குல்ல, அந்தத் தூரத்துல நிக்கிறேன்.” சைக்கிள் கடைத் தாத்தாவும் அங்கே நின்றவர்தான். அவர் கணக்கில் பெட்டி கறுப்பு. இன்னொருவர் கணக்கில் அது பெட்டியே இல்லை, படுக்கைச் சுருள். பார்த்ததாகச் சொன்னவர்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்தால் பிளாட்பாரம் ராஜகம்பீரம் வரைக்கும் போயிருக்க வேண்டும்.

அப்பத்தா தாத்தாவுக்கு மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் வண்டவாளம் எல்லாம் தெரிந்தவள். ஒருநாள் அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். “அன்னைக்கு இவரு வகுத்துவலின்னு எங்க வீட்டுத் திண்ணையில சுருண்டு கெடந்தாரு.” தாத்தா காதில் விழாதது போல, போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்ட இடத்துக்குப் போய்விட்டார்.

பலருக்கும் தெரிந்த கதைதான், இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளவந்தார் என்பவர் சென்னையில் பொருள்களைத் தவணைக்கு விற்றுவந்த வியாபாரி. அதற்கு முன் ராணுவத்தில் இருந்தவர். 1952 ஆகஸ்ட் 28 அன்று அவரைக் காணவில்லை. அன்று எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி, ஆளில்லாமல். மறுநாள் நாற்றம் தாங்காமல் பயணிகள் புகார் செய்ய, எங்கள் ஊரில் இறக்கித் திறந்தார்கள். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது, ஒரு சட்டையில் சுற்றி. உடலும் தலையும் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் ஒன்று சேர்ந்தன. அவரோடு முன்பு பழகிய ஒரு பெண்ணும் அவளுடைய கணவரும் பம்பாயில் பிடிபட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகளை வைத்து வழக்கு நடந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. நாற்பது வருஷம் கழித்து அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு வேலை செய்தேன். இந்தக் கதையைச் சொல்கிறவர்களிடமெல்லாம், “சரி, கடைசியில என்ன தண்டனை குடுத்தாங்க?” என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. தூக்கு என்றார்கள் சிலர். விட்டுட்டாங்க என்றார்கள் சிலர். உண்மையில் கணவருக்கு ஏழு வருடம், மனைவிக்கு மூன்று வருடம். செத்தவரின் நடத்தையையும் மனதில் வைத்து, நீதிபதி பஞ்சாபகேச அய்யர் தண்டனையைக் குறைத்தே கொடுத்தார். இது யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் செத்தவர் காதில் இரண்டு துளை இருந்ததும், ஒரு பல் இன்னொரு பல்லின் மேல் ஏறியிருந்ததும், அவர் மனைவி அதை வைத்துத்தான் இது என் புருஷன் என்று சொன்னதும் தெரியாத ஆள் இல்லை.

கொலைக் கதைகளை ஏன் விரும்புகிறோம் என்று கேட்டால், கெட்டிக்காரர்கள் உடனே ஒரு பதில் வைத்திருப்பார்கள். உலகம் குலைந்து கிடக்கிறது, கதையில் குற்றவாளி பிடிபடுகிறான், நீதி கிடைக்கிறது, அதில் நமக்கு ஒரு நிம்மதி என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை போய்விட்டது. நீதிதான் வேண்டும் என்றால் தண்டனை எப்படி மறந்துபோகும்? மனிதனுக்குள் மிருகம் இருக்கிறது என்கிற இன்னொரு பதிலும் உண்டு. எங்கள் அம்மா மாதம் நாலு கொலை நாவல் படித்தவள், கோழி அறுக்கும்போது கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அந்த மிருகம் எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நமக்கு ஞாபகம் இருப்பது அந்தப் பல். ஒரு மனைவிக்கு மட்டும் தெரிந்த பல். சாதாரண நாளில் யாரும் அதைக் கேட்கவும் முடியாது, அவள் சொல்லவும் மாட்டாள். வீட்டு விஷயம் வாசற்படி தாண்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பதே வாசனையை வைத்து ஊகிப்பதுதான். ஒரு கொலை விழுந்துவிட்டால் போதும், அந்த வீட்டில் யார் எந்தப் பாயில் படுத்தார்கள், காலையில் பால் வாங்கினார்களா, மளிகைக் கடையில் எவ்வளவு பாக்கி, எல்லாம் சபைக்கு வந்துவிடும். கேட்பதற்கு நமக்கு உரிமையும் வந்துவிடும். பயந்த முகத்தோடு கேட்கலாம்.

இது புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்தில் கோவலன் வெட்டுப்படுகிற காதைக்குக் கொலைக்களக் காதை என்று பெயர். பெயரைப் பார்த்து ரத்தத்தை எதிர்பார்த்துத் திறந்தால், முதலில் வருவது சமையல். அடைக்கலம் தந்த ஆய்ச்சி மாதரி காய்கறி கொண்டுவந்து கொடுக்கிறாள். பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், அரிசி, மோர் நெய் எல்லாம். கண்ணகி அரிவாள்மணை போன்ற வளைந்த கத்தியில் நறுக்குகிறாள், விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோலைப் போட்டு அடுப்பு மூட்டித் தருகிறாள். கண்ணகி பனையோலைத் தடுக்கைப் போட்டுக் கோவலனை உட்கார வைத்து, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, குருத்து வாழையிலை விரித்துப் பரிமாறுகிறாள். சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை பாக்கு. அப்புறம்தான் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான்.

வெட்டு எத்தனை வரி தெரியுமா? ‘கல்லாக் களிமகன் ஒருவன் கையில் வெள்வாள் எறிந்தனன்’ என்று ஆரம்பித்து இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. வெட்டியவனுக்குப் பெயர்கூட இல்லை. படிக்காதவன், குடிகாரன், அவ்வளவே. ‘கல்லா’ என்றால் படிக்காத. இளங்கோ அதைத்தான் முதலில் சொல்கிறார். எனக்கு அந்தக் காதையில் தொண்டை அடைப்பது வாளைப் படிக்கும்போது அல்ல, வாழையிலையைப் படிக்கும்போது. பள்ளியில் இந்தப் பாடம் நடத்தியபோது, சமையல் பகுதி தேர்வுக்கு வராது என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

துப்பறியும் கதைகளின் கெட்டிக்காரத்தனமும் இந்த மாதிரிச் சில்லறைப் பொருள்களில்தான் நிற்கிறது. முன்பெல்லாம் அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் போலீஸ் முதலில் தேடுவது வண்ணான் குறி. சேங்கொட்டைச் சாற்றில் தொட்டு, துணியின் ஓரத்தில் வைக்கிற சின்னப் புள்ளியும் கோடும். எத்தனை வெள்ளாவி கண்டாலும் போகாது. அப்பத்தாவின் சேலைகளில் முந்திக்குள் மூன்று புள்ளி ஒரு கோடு இருக்கும். எங்கள் வீட்டுக்கு அதுதான் விலாசம். எங்கள் பெயர் தெரியாத, எழுதப் படிக்காத ஒருவர் எங்களுக்கு வைத்த பெயர். அதைப் பார்த்து ஒரு ஏட்டையா ஊர் ஊராக வெளுக்கிறவர்களிடம் விசாரித்துக்கொண்டு போவார் என்பதை நினைத்தாலே எனக்கு ஒரு கதை படித்த மாதிரி இருக்கும். வாஷிங் மெஷின் வந்து அந்த வேலையை ஒழித்துவிட்டது. இப்போது செல்போன் டவர், சிசிடிவி. கதை எழுதுகிறவர்கள் பாவம்.

வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற ஆசையைத் தொழிலாகவே செய்தவர் லட்சுமிகாந்தன். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை ‘சினிமா தூது’ என்றும் ‘இந்து நேசன்’ என்றும் பத்திரிகை போட்டு விற்றார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்திக்குத்து வாங்கினார், மறுநாள் இறந்தார். அப்புறம் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் விடுதலையானார்கள். பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவே இல்லை. உண்மையில் யார் குத்தியது என்பது இன்றைக்கும் விடுகதைதான். அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களும், பாகவதர் சிறைக்குப் போனபோது அழுதவர்களும் ஒரே ஜனம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பத்திரிகைகள் அப்புறம் இதற்கென்றே ஒரு தனித் தமிழை உண்டாக்கிக்கொண்டன. ‘உல்லாசம்’ என்ற சொல்லை உயிரோடு இருக்கிற எவரும் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கொலைச் செய்தியில் மட்டும்தான் மனிதர்கள் உல்லாசமாக இருப்பார்கள். அங்கேதான் ரத்தம் வெள்ளமாக ஓடும், அங்கேதான் கணவன் ‘இடையூறாக’ இருப்பான். எல்லாவற்றுக்கும் மேலே எனக்குப் பிடித்தது மோப்ப நாய் வாக்கியம். ‘மோப்ப நாய் சம்பவ இடத்திலிருந்து சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.’ சின்ன வயதிலிருந்து எத்தனை நூறு தடவை படித்திருப்பேன். ஒரு நாய்கூட ஒருநாளும் யாரையும் கவ்விப் பிடித்ததில்லை. இருந்தும் அந்த வாக்கியம் இல்லாமல் செய்தி முடியாது.

அம்மாவுக்குச் செய்தித்தாள் போதாது. அவளுக்கு மாத நாவல் வேண்டும். எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிற்றில் துணி காயப்போட்ட மாதிரித் தொங்கும். அட்டையில் ஒரு பெண்ணின் பயந்த முகம், ஓரத்தில் ஒரு துப்பாக்கி. உள்ளே ஒற்றைப்படை அத்தியாயத்தில் கோயம்புத்தூரில் ஒரு பிணம், இரட்டைப்படை அத்தியாயத்தில் சென்னையில் ஒரு கல்யாணப் பேச்சு, கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு என்று ஒரு பார்வை பார்ப்பார். அம்மா அதற்கெல்லாம் அசைய மாட்டாள். காசு கொடுத்து வாங்கக் கட்டுப்படியாகாததால் வாடகை நூலகத்தில் எடுப்பாள். வாடகைப் புத்தகத்தில் ஒரு ஆபத்து உண்டு, கடைசி ஃபாரம் காணாமல் போயிருக்கும். யார் வீட்டுப் பிள்ளையோ கிழித்து விளையாடியிருக்கும். அப்படி ஒரு புத்தகம் மாட்டிவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசத்தில் உப்பு இருக்காது. “இருவது பக்கத்துக்கு முந்தி வந்து நின்னா மனுசி என்ன செய்வா?” என்று நூலகக்காரரிடமே போய்ச் சண்டை போட்டிருக்கிறாள்.

இந்த விஷயத்தில் அவளுக்கு ஒரே ஒரு கூட்டாளி, எதிர்வீட்டு டெய்லர் அக்கா. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். கணவர் வெளிநாட்டில். அக்கா நாவல்களை வாடகைக்கு எடுக்க மாட்டார், சொந்தமாக வாங்குவார். உள் அட்டையில் நீல மையில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, கீழே ஒரு கோடு இழுத்து, தேதி எழுதுவார். அம்மாவும் அவரும் மதியம் திண்ணையில் உட்கார்ந்து, கொலைகாரன் யார் என்பதைச் சொல்லாமல் கதையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அது ஒரு கலை. “அந்த டிரைவரைப் பாத்துக்க, அவ்வளவுதான் சொல்வேன்” என்பார் அக்கா.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பங்குனி மாதக் காலையில் அக்காவை அவர் வீட்டு அடுக்களையில் வெட்டிப் போட்டிருந்தார்கள்.

நான் அப்போது சென்னையில். தகவல் தெரிந்து ராத்திரி பஸ் பிடித்து மறுநாள்தான் போய்ச் சேர்ந்தேன். அதனால் இனி சொல்வது பெரும்பாலும் அப்பா சொன்னது. சம்பவ இடத்தில் போலீஸ் பார்வை மகஜர் எழுதும்போது அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வாத்தியார், மரியாதையான ஆள் என்று அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். முப்பது வருடம் எதிரெதிரே குடியிருந்தும் அப்பா அந்த அடுக்களைக்குள் ஒருநாளும் போனதில்லை. ஆண்பிள்ளை எப்படிப் போவார்? அன்றைக்குத்தான் முதல் தடவை போனார். நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

என்ன பார்த்தீர்கள் என்று நான் பிறகு கேட்டேன். அவர் ரத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அடுப்பின் மேல் குக்கர் இருந்ததாம், விசிலைப் போடாமல். மேடையில் பாதி நறுக்கின அவரைக்காய். ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டு பதினைந்து இருபது, பால் பாக்கெட்டில் வருகிறதை விடாமல் சேர்த்திருக்கிறார். சுவரில் ஆணியில் மாட்டிய காலண்டரில் யார் யாருக்கு எத்தனை ஜாக்கெட், எந்தத் தேதிக்கு என்று பென்சிலில் குறித்திருந்தது. அதில் எங்கள் அம்மா பெயரும் இருந்தது. ‘வாத்தியார் வீடு, 2, லைனிங் வேண்டாம்.’

கைப்பற்றிய பொருள்களை ஏட்டு ஒருவர் உரக்கச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். ‘ரத்தக்கறை படிந்த சிமெண்டுத் தரைத் துண்டு ஒன்று. ரத்தக்கறை படியாத சிமெண்டுத் தரைத் துண்டு ஒன்று.’ அப்பாவுக்கு வாத்தியார் புத்தி. “கறை படிஞ்சது சரி சார். படியாதது எதுக்கு?” என்று கேட்டார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஒப்பிட்டுப் பாக்க வேணாமா சார்? சும்மா இருக்குற தரை எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே” என்றாராம்.

வெளியிலாக இருந்தால் மண் எடுப்பார்கள். கறை படிந்த மண் ஒரு பொட்டலம், கறை படியாத மண் ஒரு பொட்டலம். எல்லாக் கொலை வழக்கிலும் இந்த இரண்டு பொட்டலமும் சேர்ந்தேதான் கோர்ட்டுக்குப் போகும். எந்த நாவலிலும் அந்த இரண்டாவது பொட்டலத்தைப் பற்றி நான் படித்ததில்லை. அப்பா விவரித்த அடுக்களை முழுக்க அந்த இரண்டாவது பொட்டலம்தான் என்று எனக்குத் தோன்றியது. இத்தனை காலம் கொலைக் கதைகளில் நான் திருட்டுத்தனமாக அள்ளிக்கொண்டு வந்ததும் அதைத்தான்.

மோப்ப நாயும் வந்தது. நான் போனபோது அது கிளம்பிக்கொண்டிருந்தது. முந்தின நாள் ஒருமுறை ஓடியதாம், அன்றைக்கு மறுபடியும் ஓட விட்டார்களாம். பிள்ளையார் கோயில் வரை ஓடி, அங்கிருந்து டீக்கடைக்கு வந்து, நின்றுவிட்டது. நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்துக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் வைத்தார். யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

அன்றைய தினசரி ஒன்றில் செய்தி வந்தது. அக்காவின் வயதில் நாலு வருடம் தவறு, தெருப் பெயர் தவறு. அதெல்லாம் பரவாயில்லை. தலைப்பின் கடைசியில் ‘கள்ளக்காதல் காரணமா?’ என்று போட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறி இருக்கிறதே, அதற்கு யார் மேலும் வழக்குப் போட முடியாது. காரணம் ஒரு சுவர். கணவருடைய அண்ணனுக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒன்றரை சென்ட் இடம், பாகப்பிரிவினையில் தீராத ஒரு பொதுச்சுவர். மூன்றாம் நாள் அண்ணன் பிடிபட்டார். அந்தச் செய்தி உள்பக்கத்தில், நாலு வரியில் வந்தது. சுவருக்கு யார் தலைப்புப் போடுவார்கள்?

நிஜக் கொலைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுக்கப் பதிவான கொலை வழக்குகள் 28,522. காரணங்களில் முதலிடம் தகராறு, 9,962 வழக்குகள். வாய்க்கால், வரப்பு, கடன், சாக்கடைத் தண்ணீர், சுவர். திட்டம் போட்டு, ரயில் நேரம் பார்த்து, பெட்டி வாங்கிச் செய்கிறவர்கள் எப்போதோ ஒருவர். அவர்களைத்தான் எழுபது வருடம் பேசுகிறோம்.

ஒரு வாரத்துக்குத் தெருவில் கூட்டம் ஓயவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து டூவீலரில் வந்து, எதிர்வீட்டு வாசலில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றியபடியே பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மகனைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார். ஒரு பெண் எங்கள் அம்மாவிடம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “எந்த ரூம்ல?” என்று கேட்டாள். அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். அம்மா அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பெண்ணைத் திட்டுவது எனக்குச் சுலபம். ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னைக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து, ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு எங்கெங்கோ போய் இதில் வந்து நின்றது. எல்லாரும் டப்பாவை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குக்கர், அவரைக்காய், ரப்பர் பேண்டு எல்லாம் சொன்னேன். ஒருத்தி, “நீ அப்போ எங்க இருந்தே?” என்று கேட்டாள். “எதிர்வீட்டுத் திண்ணையிலதான்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. தாத்தா செத்து அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அப்பத்தா உயிரோடு இருந்தாள். நல்லவேளை, ஆபீசில் இல்லை.

அப்பாவுக்கு இரண்டு தடவை சம்மன் வந்தது. முதல் தடவை சிவகங்கை போய் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, வாய்தா என்று திரும்பி வந்தார். இரண்டாம் தடவை கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல், அடுக்களையில் விளக்கு எரிந்ததா இல்லையா என்று முக்கால் மணி நேரம் கேட்டாராம். அண்ணனுக்கு ஆயுள் தண்டனை ஆனது. வெளிநாட்டிலிருந்து வந்த கணவர் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பப் போய்விட்டார். வழக்கு முடிந்த சேதியைத் தெருவில் அப்பா நாலு பேரிடம் சொல்லியிருப்பார். அப்படியா என்றார்கள்.

அம்மா ஆறேழு மாதம் எந்த நாவலையும் தொடவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு விடுமுறைக்குப் போனபோது, செல்போனை மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்து, எங்கோ நடந்த ஒரு கொலையை ஒருத்தர் மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்து நின்றதைப் பார்த்துச் சத்தத்தைக் குறைத்தாள். “தூக்கம் வரமாட்டேங்குது, இது ஓடிக்கிட்டுக் கெடந்தா ஆள் இருக்குற மாதிரி இருக்கு” என்றாள். காலை பத்தரை மணிக்குத் தூக்கம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

போன வருடம் எதிர்வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள். கணவன், மனைவி, ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பையன். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வேலை மாற்றலாகி வந்தவர்கள். அந்தப் பெண் நல்ல கலகலப்பு. வந்த மூன்றாம் நாளே தயிருக்கு உறை மோர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். “அத்தை, வாடகை ரொம்பக் கம்மியா இருக்கு. இவரு சந்தோசப்படுறாரு, எனக்குத்தான் என்னமோ மாதிரி இருக்கு. அந்த வீட்டுல எதுவும் கொறை இருக்கா?” என்று கேட்டாள். கொலையைப் பற்றி யாரிடமும் வாய் ஓயாமல் பேசக்கூடிய என் அம்மா, “தண்ணி கொஞ்சம் உப்பா இருக்கும், அதான்” என்றாள்.

அவள் கண் அலமாரிப் பக்கம் போனது. நாவல்கள் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தன. “அய்யோ, நீங்களும் இதெல்லாம் படிப்பீங்களா? எனக்கு உசுரு அத்தை” என்று ஓடிப்போய் ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தாள். மூன்றாவதாக எடுத்ததில் உள் அட்டையில் நீல மையில் ஓர் எழுத்து, கீழே ஒரு கோடு, ஒரு தேதி. அந்தப் பங்குனிக்கு இரண்டு வாரம் முன்பு வாங்கி வந்தது, திருப்பிக் கொடுக்காமலே தங்கிவிட்டது. “இது நான் படிச்சதே இல்ல. எடுத்துட்டுப் போகவா?”

அம்மா அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, தூசியைத் தட்டி, இருந்த இடத்திலேயே செருகினாள். பக்கத்திலிருந்த வேறொன்றை எடுத்து நீட்டினாள்.

“இதைப் படி. அதுல கடைசிப் பக்கம் இல்ல.”

இருக்கிறது. நான் எடுத்துப் பார்த்தேன்.